அநாதைகளை ஆக்குவோர் யார்?

அநாதைக் குட்டிகளை எடுத்து வளர்ப்பதே உயிர்நேயம் என்பர். வளர்த்தபின் யாது செய்வது? பின்னவலவில் 1975இல் தொடங்கிய காப்பகத்தில் வளர்ந்த யானைகள் காட்சிக்குரியவையாயின. உடவளவையில் 1995இல் எழுந்த இல்லமோ, மனிதப் பழக்கத்தைக் குறைத்து வளர்த்துக் குட்டிகளைக் காட்டிற்கே அனுப்புகின்றது. காடு சேர்ப்பதே கருணை, கட்டிவைத்தல் அன்று.

ஆயின், மன்னார்க் கடலின் கடற்பசுக் கன்றுக்கு உடவளவை ஏது? ஒன்றரை ஆண்டளவும் தாய்ப்பால் அருந்தும் உயிர் அது. தாய்லாந்தில் மரியம் என்னும் அநாதைக் கன்றைக் கடலிலேயே விட்டுப் புட்டிப்பாலூட்டிப் பேணினர். 2019 ஓகஸ்டில் அது மாண்டது. குடலில் பிளாஸ்ரிக் கிடந்தது. அன்பு குறையவில்லை, கடல்தான் கெட்டிருந்தது.

தாயை வலையில் மாளவிட்டுக் கன்றுக்குப் பால் தேடுவது அறமாகுமா? கடற்பசு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு கன்றே ஈனும். அதனைக் கொல்லுதல் சட்டப்படி குற்றம். கடற்புல்லை வாரியழிக்கும் இழுவைமடியும் 2017இல் தடைசெய்யப்பட்டது. ஏட்டிலுள்ள சட்டம் கடலில் எங்கே?

“மீனவர் வயிறு என்னாவது?” எனச் சிலர் வினவலாம். கடற்புல் அழிந்தால் மீன்குஞ்சுக்குப் புகலிடமில்லை. முதலிற் காய்வது அவ்வயிறே.

மன்னார்க் கரையிற் பிறந்தவன் என்னும் உரிமையோடு கூறுகின்றேன்: எமக்கு வேண்டுவது கன்றுக்கு ஒரு காப்பகமன்று; தாய் வாழ ஒரு கடல்.