மிஞ்சிய குழந்தை ஆடைக்கு இணைய ஏலம்

திருப்பூரில் ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சும் குழந்தை ஆடைகள், காதர்பேட்டை மொத்தச் சந்தையில் லாட்டாகக் கைமாறுகின்றன. அவசரத்துக்கு விற்பவருக்கு, வந்த வியாபாரி சொல்வதே விலை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரியை 50 சதவீதமாக உயர்த்தியபோது, சில வாடிக்கையாளர்களையே நம்பியிருப்பதன் ஆபத்து ஏற்றுமதியிலும் தெளிவாகத் தெரிந்தது. இணைய ஏலத்தில் பல ஊர் வியாபாரிகள் போட்டியிடுவதால் நியாயமான விலை கிடைக்க வழியுண்டு. ஆனால் பருவ ஆடைக்குக் காலம் முக்கியம். தீபாவளிச் சரக்கை ஐப்பசியில் ஏலம் விட்டுப் பயனில்லை. கடைக்காரர்கள் கொள்முதல் செய்யும் ஆவணியிலேயே விட வேண்டும். வட இந்தியக் குளிருக்கான ஆடைகளுக்கும் இதே கணக்குதான்.

துணியைத் தொட்டுப் பார்க்காமல் யார் வாங்குவார்கள் என்பது நியாயமான கேள்வி. குன்னூர் தேயிலை ஏலத்தில் அதற்கு விடை இருக்கிறது: மாதிரியை முன்பே சுவைத்துப் பார்த்த பிறகே கணினியில் விலை கேட்கிறார்கள். நாமும் சரக்கை வயதுவாரியாகப் பிரித்து, நெஞ்சளவு, உயரம், துணியின் எடையைக் காட்டும் ஜிஎஸ்எம், கறை, தையல் குறை அனைத்தையும் மறைக்காமல் எழுதி, மாதிரிகளை அனுப்ப வேண்டும். வியாபாரிகள் கூடிப் பேசி விலையை இறக்குவார்கள் என்ற அச்சத்துக்குக் குறைந்தபட்ச விலை நிர்ணயம் ஓர் அரண். பிராண்டு முத்திரையுள்ள சரக்கை மட்டும் ஒப்பந்தம் அனுமதித்தால்தான் விற்கலாம். இத்தனை வேலையும் சிறு யூனிட்டுகளுக்குச் சுமைதான். அதனால்தான் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தென்னிந்திய பனியன் உற்பத்தியாளர் சங்கமான சைமாவும் சேர்ந்து ஒரு பொதுத் தரம்பிரிப்பு மையத்தை அடுத்த பருவத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.