கண்ணாடி மேலெழும் கணம்

அக்காள் மகன் சென்ற மாதம் ஒரு கேள்வியோடு வந்தான். அவன் சேர்த்து வைத்திருக்கும் பணத்துக்கு, வேறொருவர் பயன்படுத்திய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றும் அதனோடு இரண்டு லென்ஸ்களும் கிடைக்கும். இன்னும் எட்டு மாதம் பொறுத்துப் பணம் சேர்த்தால் மிர்ரர்லெஸ் எனப்படும் கண்ணாடியில்லாத கேமரா ஒன்றைப் புதிதாகவே வாங்கிவிடலாம். எது சரி? கடைக்காரர் அவனிடம் முன்னதன் காலம் முடிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நான் பழையதை வாங்கச் சொன்னேன். "மாமா, செத்துப்போனதையா வாங்கச் சொல்றீங்க?" என்றான். அவனுக்கு அன்று சொன்ன பதில் அரைகுறையாக இருந்தது. அதைச் சற்று விரிவாக இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

கடைக்காரர் சொன்னதில் பிழையில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நிக்கான் நிறுவனம் 2020இல் டி780, டி6 ஆகிய இரண்டையும் வெளியிட்டபின் அவ்வகையில் புதிதாக எதையும் கொண்டுவரவில்லை. அதே ஆண்டில் வந்த 1டி எக்ஸ் மார்க் 3 தான் தன் தலைமை வரிசையின் கடைசி டி.எஸ்.எல்.ஆர். என்று கேனன் 2021இன் இறுதியில் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பென்டாக்ஸ் மட்டும் பிடிவாதமாக 2021இல் ஒன்று, 2023இல் கறுப்பு வெள்ளைக்கென்றே ஒன்று எனச் செய்து பார்த்தது. 1999இல் 2.7 மெகாபிக்ஸலோடு வந்த நிக்கான் டி1 முதல் கணக்கிட்டால், பத்திரிகைகளையும் திருமண மண்டபங்களையும் ஆண்ட காலம் சுமார் இருபது ஆண்டுகள். ஒரு கருவிக்கு அது நீண்ட ஆயுளும் இல்லை, குறுகிய ஆயுளும் இல்லை.

ஆனால் அந்தக் கருவியின் நடுவில் இருந்த கண்ணாடி அதைவிட மிகப் பழையது. லென்ஸுக்குப் பின்னால் நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நிற்கும் ஒரு சிறு கண்ணாடி. அது ஒளியை மேலே இருக்கும் மங்கலான திரையில் விழச் செய்கிறது. திரையில் விழுந்த பிம்பத்தை நேராக்கி நம் கண்ணுக்குக் கொண்டுவருகிறது பென்டாப்ரிசம் என்னும் பட்டகம். 1936இல் ஜெர்மனியில் வந்த கினே எக்ஸாக்டாவில் பட்டகம் கிடையாது. கேமராவை மார்புக்குக் கீழே பிடித்துக்கொண்டு குனிந்து பார்க்க வேண்டும், இடம் வலமாகத் தெரியும். படம் எடுத்தவுடன் மேலே போன கண்ணாடி, அடுத்த படத்துக்காகப் பிலிமைச் சுற்றும்வரை கீழே வராது. அதாவது ஒவ்வொரு படத்துக்குப் பின்னும் கலைஞர் குருடராகிவிடுவார். 1949இன் கான்டாக்ஸ் எஸ் பட்டகத்தோடு வந்தது. 1954இன் அசாஹிஃப்ளெக்ஸ் ஒன்றில் கண்ணாடி தானே உடனே கீழிறங்கும் ஏற்பாடு வந்தது. இவை ஒன்றுசேர்ந்து 1959இல் நிக்கான் எஃப் ஆகத் திரண்டபோது வடிவம் ஏறக்குறைய முற்றுப்பெற்றுவிட்டது. பிலிம் இருந்த இடத்தில் சென்ஸரை வைத்ததுதான் பிற்பாடு நடந்த புரட்சி. கண்ணாடிப் பெட்டியை யாரும் தொடவில்லை.

அந்தப் பெட்டிக்குள் நடப்பதைப் பலர் கவனிப்பதில்லை. தானாகக் குவியம் பிடிக்கும் கேமராக்களில் அந்தக் கண்ணாடியின் நடுப்பகுதி முழுக் கண்ணாடி அன்று. கொஞ்சம் ஒளியைத் தன் வழியே விடும். அதன் முதுகில் இன்னொரு குட்டிக் கண்ணாடி தொங்குகிறது. அது தனக்கு வந்த ஒளியைக் கீழே, கேமராவின் அடித்தளத்தில் இருக்கும் குவிய அளவிக்கு அனுப்புகிறது. லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து வரும் பிம்பத்தையும் மறுபக்கத்திலிருந்து வரும் பிம்பத்தையும் அந்த அளவி ஒப்பிட்டு, குவியம் எந்தத் திசையில் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதை ஒரே பார்வையில் சொல்லிவிடும். ஆக, லென்ஸிலிருந்து கண் பார்க்கும் திரைக்கு ஒரு பாதை, குவிய அளவிக்கு ஒரு பாதை, கடைசியில் சென்ஸருக்கு ஒரு பாதை. மூன்றும் தூரத்தில் அணுவளவும் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். பிசகினால் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரிந்த முகம் படத்தில் மங்கி, முகத்துக்குப் பின்னால் இருக்கும் காது துலங்கும். நல்ல கேமராக்களில் இதைத் திருத்திக்கொள்ள ஒரு வசதி உண்டு, மலிவானவற்றில் பெரும்பாலும் இல்லை. மிர்ரர்லெஸ் கேமராவில் பார்ப்பதும் அளப்பதும் பதிவதும் ஒரே சென்ஸர் என்பதால் இந்தத் தொல்லையே எழாது. பொறியியல் நோக்கில் பார்த்தால் கண்ணாடிப் பெட்டி ஒரு சுற்றுவழி. நேர்வழி கிடைத்ததும் சுற்றுவழி கைவிடப்பட்டது, அவ்வளவே.

நான் சொல்லவந்தது வேறு. ஷட்டர் திறக்க வேண்டுமானால் கண்ணாடி வழிவிட்டு மேலெழ வேண்டும். எழுந்த கணத்தில் வியூஃபைண்டர் இருண்டுவிடும். சாதாரணக் கேமராக்களில் அந்த இருட்டு நொடியில் பத்தில் ஒரு பங்கையொட்டி நீடிக்கும்; படம் பதிவதோ ஐந்நூறில் ஒரு பங்கில் முடிந்துவிடுகிறது. எனவே டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்பவர் தாம் எடுத்த படத்தின் கணத்தை ஒருபோதும் பார்த்ததில்லை. அதற்குச் சற்று முன்பும் சற்றுப் பின்பும் பார்த்திருக்கிறார். படம் அந்த இடைவெளியில் இருக்கிறது.

என் அத்தையின் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. வெள்ளைச் சேலை, பின்னால் எண்ணெய் இறங்கிக் கறுத்த கதவு. அவரை நேராக உட்காரச் சொல்லி, முகத்தை இறுக்கிக்கொள்ள வேண்டாம் என்று நாலைந்து முறை கெஞ்சி, சலித்துப்போய் பொத்தானை அழுத்தினேன். வியூஃபைண்டரில் நான் கடைசியாகக் கண்டது அதே இறுகிய முகந்தான். பின்பக்கத்துச் சிறு திரையில் தெரிந்ததோ வேறு. யாரோ என் பின்னால் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அவர் பார்வை என்னைத் தாண்டிப் போயிருந்தது, உதடு சிரிப்புக்குத் திறக்கத் தொடங்கியிருந்தது. கண்ணாடி இறங்கி நான் மறுபடி பார்த்தபோது அவர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அடுத்த ஆண்டு அவர் காலமானார். எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அத்தை என்றால் நினைத்துக்கொள்ளும் அந்தச் சிரிப்பை, எடுத்தவனாகிய நான் மட்டும் பார்க்கவில்லை. அதை நான் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றுவரை ஒரு தயக்கம் உண்டு.

மிர்ரர்லெஸ் இந்த இருட்டையும் ஒழித்துவிட்டது. 2017இல் வந்த சோனி ஏ9, நொடிக்கு இருபது படம் எடுத்தாலும் காட்சி அறுபடாமல் காட்டியது. 2021இன் நிக்கான் இசட்9இல் இயங்கும் ஷட்டர்த் திரையே இல்லை. அசையும் உறுப்பு எதுவும் வேண்டாமென்றாகிவிட்டது. கண்ணாடிக்கு இடம் விட வேண்டிய தேவை போனதால், லென்ஸ் பொருந்தும் வளையத்துக்கும் சென்ஸருக்கும் இடையே நிக்கானில் 46.5 மில்லிமீட்டர் இருந்த தூரம் 16 ஆயிற்று. கேனனில் 44 என்பது 20 ஆயிற்று. அகலக்கோண லென்ஸ் வடிவமைப்பவர்களுக்கு அது பெரிய விடுதலை. கண்மணியைக் கண்டுபிடித்து அதன்மீதே குவியத்தை நிறுத்துகிறது. ஓசையில்லை. இத்தனைக்கும் விலை மின்சாரம்: நிக்கான் டி850 ஒரு பேட்டரியில் 1840 படம் எடுக்கும் என்றால், இசட்7க்கு அதே அளவீட்டு முறையில் கிடைத்தது 330. பட்டகத்தின் வழியே பார்ப்பதற்குப் பேட்டரியே தேவையில்லை. இதெல்லாம் பேரேட்டுக் கணக்கு, இதில் வரவு புதியவன் பக்கந்தான்.

பிறகு ஏன் பழையதை வாங்கச் சொன்னேன்? ஏழை மருமகனுக்கு மாமன் காட்டிய சிக்கனம் என்று அக்காள் நினைக்கிறாள். அதுவும் கொஞ்சம் உண்டுதான்.

மின் வியூஃபைண்டர் காட்டுவது காட்சியை அன்று, படத்தை. வெளிச்சம் கூடுதலா குறைவா, நிறம் மஞ்சளாயிற்றா நீலமாயிற்றா, நிழலில் விவரம் நிற்குமா என்பதையெல்லாம் அழுத்துமுன்னரே காட்டிவிடுகிறது. பயில்பவன் சக்கரத்தைத் திருப்புகிறான், படம் அழகாகிறது, அழுத்துகிறான். அவன் செய்தது ஒப்புதல் அளிப்பது. கண்ணாடி வைத்த கேமராவிலோ அவன் பார்ப்பது அந்த அறையை, அந்தச் சன்னலை, அந்த முகத்தை. படம் இன்னும் இல்லை. அது எப்படி வரும் என்பதை அவன் மனத்தில் கட்ட வேண்டியிருக்கிறது.

அத்தையின் படத்தையே எடுத்துக்கொள்வோம். கேமராவின் ஒளி அளவி சட்டத்தை எத்தனை கட்டங்களாகப் பிரித்து அளந்தாலும், தன் முன்னுள்ள உலகம் சராசரியில் ஒரு நடுத்தரச் சாம்பல் என்ற அனுமானத்திலிருந்து முற்றிலும் விடுபடுவதில்லை. சட்டத்தை வெள்ளைச் சேலை நிறைத்தால் அது பயந்து ஒளியைக் குறைக்கும், சேலை அழுக்காகும். கறுத்த கதவு நிறைத்தால் ஒளியைக் கூட்டும், சேலையின் மடிப்புகள் வெளிறி அழியும். நம் கண்ணோ கதவைப் பார்க்கும்போது கதவுக்கும் சேலையைப் பார்க்கும்போது சேலைக்கும் தன்னைச் சரிசெய்துகொண்டே இருப்பதால், இந்த இரண்டு ஆபத்தும் அதற்குத் தெரிவதேயில்லை. கண்ணுக்கும் சென்ஸருக்கும் இடையே உள்ள இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வதே ஒளிப்படம் பயில்வதன் பாதி என்பது என் துணிபு. பட்டகத்தின் வழியே பார்ப்பவன் அதைத் தவறு செய்து தவறு செய்துதான் அறிகிறான். மின் திரையில் பார்ப்பவனுக்கு அது முன்கூட்டியே திருத்தப்பட்டு வந்துவிடுகிறது, ஆகவே வித்தியாசம் இருந்ததே அவனுக்குத் தெரியாமல் போகலாம்.

இதை மறுத்து ஒரு நண்பர் சொன்னார்: பட்டகமும் உண்மையைக் காட்டுவதில்லை. அவர் சொன்னது சரி. லென்ஸின் துளை படமெடுக்கும் கணத்தில்தான் சுருங்குகிறது. அதுவரை முழுதாகத் திறந்த நிலையிலேயே பார்க்கிறோம். எஃப்/11இல் எடுக்கப்போகும் படத்தில் பின்னணியின் மின்கம்பமெல்லாம் துலக்கமாக வந்து நிற்கும் என்பது முன்கூட்டித் தெரியாது. சில கேமராக்களில் துளையைச் சுருக்கிப் பார்க்க ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினால் காட்சி இருண்டுபோகும். மறுபக்கம், எஃப்/1.4 லென்ஸின் முழு மங்கலையும் இக்காலத்துத் திரைகள் காட்டுவதில்லை, ஏறக்குறைய எஃப்/2.8இல் தெரிவதுபோலத்தான் காட்டும். மலிவான கேமராக்களில் பட்டகத்துக்குப் பதில் கண்ணாடித் துண்டுகளைப் பொருத்தியிருப்பார்கள், காட்சி சுரங்கத்தின் முனையில் தெரிவதுபோலச் சிறுத்துத் தெரியும். சட்டத்தின் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குதான் தெரியும். மீதி ஐந்தில் யாருடைய முழங்கையாவது புகுந்துவிடும். ஆனால் நண்பர் குறையாகச் சொன்னதையே நான் பயிற்சியாகக் கருதுகிறேன். மின்கம்பத்தை ஒருமுறை படத்தில் கண்டு நொந்தவன், அடுத்த முறை அழுத்துமுன் பின்னணியைத் தேடிப் பார்ப்பான்.

மெகாபிக்ஸலைப் பற்றி அவன் கேட்டதற்குச் சுருக்கமாகவே பதில் சொன்னேன். 2003இல் ஆயிரம் டாலருக்குக் கீழே வந்து இந்தக் கேமராக்களைச் சாமானியருக்குத் திறந்துவிட்ட கேனன் 300டியில் 6.3 மில்லியன் பிக்ஸல். பத்தங்குலத்துக்கு ஏழங்குலப் படம் நன்றாக அச்சாகும். அதிலும் பாதிப் பிக்ஸல்கள் பச்சையை மட்டும், கால்பங்கு சிவப்பை மட்டும், கால்பங்கு நீலத்தை மட்டும் பார்ப்பவை. கோடக்கில் இருந்த பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற அடுக்கு முறை அது. ஒவ்வொரு புள்ளியிலும் மற்ற இரண்டு நிறங்களும் அக்கம்பக்கத்தை விசாரித்து ஊகிக்கப்பட்டவையே. எண்ணைவிடச் சென்ஸரின் பரப்பு முக்கியம்: முழுச்சட்டம் என்பது 36க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர், ஏ.பி.எஸ்.சி. வகை சுமார் 370. வெளிச்சம் குறைந்த மண்டபத்தில் இந்த எண்தான் பேசும். இன்னொன்று, ரா கோப்பாகச் சேமிப்பது: ஜேபெக்கில் ஒரு நிறத்துக்கு 256 படிநிலைகள் என்றால் பதினான்கு பிட் ரா கோப்பில் 16384. நிழலைத் தூக்கி நிறுத்தப் பிற்பாடு ஆசை வந்தால் அதுதான் உதவும்.

வாங்குமுன் மூன்றை மட்டும் பார்க்கச் சொன்னேன். ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்ற எண்ணிக்கை. லென்ஸை விளக்குக்கு நேராகப் பிடித்தால் சிலந்திவலைபோலப் பூஞ்சை தெரிகிறதா என்பது. நம்மூர் ஈரக்காற்றில் அலமாரியில் வைத்தே செத்த லென்ஸ்கள் ஏராளம். நிக்கான் என்றால், உடலுக்குள் குவிய மோட்டார் இருக்கிறதா என்பது. 2006இல் வந்த டி40 முதல் மலிவான வகைகளில் அது கிடையாது, பழைய லென்ஸ்களைக் கையால்தான் திருப்ப வேண்டும். கேனனின் இ.எஃப். லென்ஸ்களில் 1987 முதலே மோட்டார் லென்ஸுக்குள் இருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

அரைமனத்தோடு வாங்கினான். முதல் வாரம் நாற்பது படங்கள் அனுப்பினான். அவற்றில் தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பது ஒன்று. வேட்டி முழுவதும் வெறும் வெள்ளைக் காகிதம்போல வெந்துபோயிருந்தது. தொலைபேசியில் கேட்டேன். "கண்ணுக்கு மடிப்பெல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது மாமா" என்றான், ஏமாற்றப்பட்டவனின் குரலில். ஒளியை ஒரு படி குறைத்து மறுநாள் காலையில் அதே திண்ணையில் மறுபடி எடுத்திருக்கிறான். தாத்தாவின் முகம் கொஞ்சம் இருண்டுவிட்டது, மடிப்புகள் இருக்கின்றன. இப்போது 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று வேண்டுமாம். என்னிடம் இரண்டு உண்டு. பழையதை விளக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு அனுப்பியிருக்கிறேன், பூஞ்சை இல்லை.