இரண்டாவது லென்ஸ்

ஆனித் திருவிழாவுக்குக் கொடியேறும் நாட்கள் நெருங்கும்போதெல்லாம், நம் தொழிலில் புதிதாக இறங்கிய இளைஞர்கள் ஒரே கேள்வியோடு வந்து நிற்கிறார்கள். கேமராவோடு சேர்ந்து வந்த 18–55 மி.மீ. ‘கிட்’ லென்ஸ் ஒன்று கையில் இருக்கிறது. முகூர்த்த மாதங்களில் மிச்சம் பிடித்த பணம் பத்தோ பன்னிரண்டோ ஆயிரம் இருக்கிறது. இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும், எதை வாங்குவது? கேட்கிறவர்களில் பெரும்பாலோர் விடையையும் மனத்தில் நிச்சயித்துக்கொண்டே வருகிறார்கள் என்பதும், அந்த விடை அநேகமாக ஒரு நீண்ட டெலி லென்ஸாகவே இருக்கிறது என்பதும் என் அநுபவம். தூரத்தில் உள்ளதைக் கிட்டே இழுத்துக் காட்டும் சக்திக்கு ஒரு வசீகரம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆயினும், திருநெல்வேலி டவுணிலும் பாளையங்கோட்டையிலும் கல்யாணமும் கோயில் விசேஷமும் எடுத்து ஜீவிக்கிற நமக்கு முதலில் போதாமற் போவது தூரமன்று, வெளிச்சமே என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

கல்யாண மண்டபத்தில் மாங்கல்யதாரணம் நடக்கும் அந்த அரை நிமிஷத்தை நினைத்துப் பாருங்கள். மணமேடையைச் சுற்றி உறவினர் நெருங்கி நிற்கிறார்கள். வீடியோக்காரரின் விளக்கு வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஹோமப் புகை எழுந்து முகங்களை மறைக்கிறது. அட்சதை விழத் தொடங்கிவிட்டது. 55 மி.மீ. வரை இழுத்த கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது, ஐ.எஸ்.ஓ. 1600-இல் ஷட்டர் வேகம் விநாடியில் இருபதில் ஒரு பங்குக்கு இறங்கிவிட, மூன்றாவது முடிச்சைப் போடும் நாத்தனாரின் விரல்கள் கலங்கிய கோடுகளாகவே பதிகின்றன. அதே இடத்தில், அதே ஐ.எஸ்.ஓ.வில், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் பூட்டினால் ஏறத்தாழப் பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். ஷட்டர் இருநூறில் ஒரு பங்குக்கு ஏறும். விரல்களும் மஞ்சள் கயிறும் கயிற்றின் முறுக்கும் தனித்தனியே தெரியும். ஆனால் முழுத் திறப்பில், ஒன்றரை மீட்டர் தூரத்தில், கூர்மையாக விழுவது ஆறு சென்டிமீட்டர் ஆழமே ஆதலால், மணமகளின் இமை தெளிந்திருக்கையில் பக்கத்தில் சற்றே பின்தள்ளி அமர்ந்த மணமகனின் முகம் மங்கிப்போகும். எஃப் 2.8-இல் நிறுத்தி, கிட் லென்ஸைவிட நான்கு மடங்கு வெளிச்சத்தோடு திருப்தியடைவதே அங்கு விவேகம்.

விலை குறைந்ததாயினும் இந்த எளிய 50 மி.மீ. லென்ஸ் அற்பமானதன்று. ஜெர்மனியில் பால் ருடால்ஃப் 1896-இல் கணித்து அமைத்த பிளானார் லென்ஸின் வம்சத்தில் வந்தது இது. வாழ்நாளின் பெரும்பகுதியில் 50 மி.மீ. லென்ஸையே துணையாகக் கொண்ட ஆன்ரி கார்த்தியே-பிரெஸோன், 1950-இல் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படமெடுத்தவர். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: நம்மில் பலர் வைத்திருக்கும் சிறிய சென்சார் கேமராக்களில் 50 மி.மீ. என்பது 75 அல்லது 80 மி.மீ. போலக் குறுகிப் பார்க்கும். வளைகாப்பு, பெயர் சூட்டுதல் என்று சிறு வீடுகளின் கூடத்தில் அதிகம் எடுக்கிறவர்கள், சுவரில் முதுகு முட்டிய பிறகும் பின்னால் நகர இடம் தேடுவதைக் கண்டிருக்கிறேன். அவர்களுக்கு, நிக்கான் 2009-இல் சிறிய சென்சாருக்கென்றே கொண்டுவந்த 35 மி.மீ. எஃப் 1.8 போன்ற லென்ஸே தகும்.

டெலி லென்ஸை நான் இப்படித் தள்ளிவைப்பதைக் கேட்டு, மா. கிருஷ்ணனின் பெயரை யாரேனும் என் முன் வைக்கலாம். வைக்க வேண்டிய பெயர்தான். ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளையாக 1912-இல் இதே திருநெல்வேலியில் பிறந்து, காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம்பிடிப்பதையே தவம்போல் செய்து, 1970-இல் பத்மஸ்ரீ பெற்ற அப்பெருமகனார், தமக்கு வேண்டிய கருவி விலைக்குக் கிடைக்கும் வரை காத்திருக்கவில்லை. ஒரு கம்பெனியின் கேமரா உடலையும் இன்னொரு கம்பெனியின் டெலி லென்ஸையும் வேறு பல உறுப்புகளையும் தம் கையாலேயே இணைத்து, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டிக் காடுகளில் சுமந்து திரிந்தார். அந்தக் கூட்டுக் கருவியைக் கண்டு வியந்து இயற்கையியலாளர் ஈ. பி. ஜீ எழுதியே இருக்கிறார். யானையும் காட்டெருமையும்தாம் தம் விஷயம் என்பது கிருஷ்ணனுக்கு முன்பே தெரிந்திருந்தது. கருவி பிறகு வந்தது. நம் இளைஞர் கையில் லென்ஸ் முன்னே வந்து, விஷயம் பின்னே தேடப்படுகிறது என்பதுதான் என் வருத்தம்.

நாங்குநேரிப் பக்கத்துக் கூந்தன்குளத்துக்கு மாதம் இருமுறையாவது போய், ஊருக்குள்ளேயே மரங்களில் கூடுகட்டிக் குஞ்சு பொரிக்கும் மஞ்சள் மூக்கு நாரையையும் கூழைக்கடாவையும் பொறுமையாகப் பார்த்து வருகிறவர் ஒருவர் இருந்தால், அவர் தயங்காமல் 55–250 மி.மீ. ஜூம் வாங்கட்டும். காலை வெயில் அங்கே எஃப் 5.6-க்குத் தாராளமாகப் போதும். பறவைகளும் மனிதரைக் கண்டு அஞ்சாதவை.

தம் விஷயம் எது என்று நிச்சயமில்லாதவர், சென்ற ஆண்டு எடுத்த படங்களைக் கம்ப்யூட்டரில் திறந்து, ஒவ்வொன்றோடும் பதிவாகியிருக்கும் மி.மீ. எண்ணைப் பார்த்தாலே போதும். நான் அவ்வாறு பார்த்தபோது, என் படங்கள் பெரும்பாலும் 35-க்கும் 55-க்கும் இடையிலேயே இருந்தன. கெட்டுப்போனவை ஏறக்குறைய எல்லாம் விளக்கொளியில் எடுத்தவை. 18 மி.மீ. எண் விழுந்தவையோ பெரும்பாலும் தேரோட்டத்தன்று எடுத்தவை. ரத வீதியில் நெல்லையப்பர் தேர் முக்குத் திரும்பும்போது, வடம் பிடிப்போர் நெரிசலில் ஓரடியும் பின்வாங்க இயலாத நிலையில், வடத்தையும் தேர்ச் சக்கரத்தையும் மேலே ஆடும் தொம்பைகளையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவரும் கோணம் ஏற்கெனவே நம் பையில் இருக்கும் கிட் லென்ஸில் உள்ளது. பட்டப்பகல் வெயிலில் அதன் சிறிய திறப்பு ஒரு குறையே அன்று. ஆகவே திருவிழாவை உத்தேசித்து வைட் லென்ஸ் வாங்குவதும் இப்போதைக்கு வேண்டாத செலவு.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். நிக்கானின் பழைய 50 மி.மீ. எஃப் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கும். ஆனால் டி 3000, டி 5000 வரிசைக் கேமராக்களில் ஃபோகஸ் மோட்டார் கிடையாது என்பதால் அவற்றில் அது தானாக ஃபோகஸ் ஆகாது. விற்றவர் இதைச் சொல்லாமல் விட, வாங்கின மறுநாளே ஒரு முகூர்த்தத்தில் வளையத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பல தருணங்களை நான் இழந்திருக்கிறேன்.

மற்றொன்று பூஞ்சை. ஆற்றங்கரை ஊர்களின் ஈரத்தில் இருந்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் சுத்தமாகவே தோன்றும். அறையை இருட்டாக்கி, அப்பர்ச்சரை முழுதும் திறந்து, பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்து முன்பக்கத்தில் சாய்வாகப் பாருங்கள். உள்கண்ணாடியின் விளிம்பில் சிலந்தி நூல்போல் கிளைவிட்ட வெள்ளை இழைகள் தெரிந்தால், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம். நல்லதாக வாங்கிய லென்ஸையும் தோல் உறையில் போட்டு பீரோவில் பூட்டிவைக்காமல், இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைத்து, ஐப்பசி, கார்த்திகை மழை மாதங்களில் வாரம் ஒரு முறையேனும் வெளியே எடுத்து நாலு படமாவது எடுங்கள்.