அனிமே தயாரிப்பாளர் ரசிகர் விழாவுக்கு ஏன் வர்றார்? தூத்துக்குடி ரசிகருக்கு அதுல என்ன இருக்கு?

தூத்துக்குடியில் இருக்கும் ஒரு அனிமே ரசிகர் சென்னை காமிக் கானுக்குப் போகணும்னா, முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஒரு ராத்திரி முழுக்கப் பயணம். சுமார் 650 கிலோமீட்டர். 2024 பிப்ரவரியில் சென்னை வர்த்தக மையத்தில் முதல் காமிக் கான் நடப்பதற்கு முன்பு நிலைமை இன்னும் மோசம். பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோதான் போகணும்.

இவ்வளவு தூரம் போவது எதுக்கு? காஸ்ப்ளே போட, போஸ்டர் வாங்க, நம்மைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலு பேரைப் பார்க்க. ஆனால் வெளிநாட்டு அனிமே விழாக்களில் இதைத் தாண்டியும் ஒன்று உண்டு. அனிமேவை உருவாக்கிய தயாரிப்பாளரே மேடைக்கு வருவார். ரசிகர்கள் வரிசையில் நின்று மைக்கைப் பிடித்து அவரிடம் நேரடியாகக் கேள்வி கேட்கலாம்.

இதில் அதிகம் பேசப்படும் பெயர் மசாவோ மருயாமா.

யார் இந்த மருயாமா?

1941-ல் பிறந்தவர். 'ஆஸ்ட்ரோ பாய்' படைத்த ஒசாமு தெசுகாவின் முஷி நிறுவனத்தில் 1960-களில் வேலைக்குச் சேர்ந்தார். 1972-ல் நண்பர்களுடன் சேர்ந்து மேட்ஹவுஸ் ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'டெத் நோட்', 'மான்ஸ்டர்', 'கார்ட்கேப்டர் சகுரா' எல்லாம் அங்கே தயாரானவைதான். சதோஷி கோன் என்ற இயக்குநரின் நான்கு முழுநீளப் படங்களும் மேட்ஹவுஸில் உருவானவை. 2010-ல் கோன் 46 வயதில் புற்றுநோயால் இறந்தபோது பாதியில் நின்ற படம் இன்றுவரை முடியவில்லை.

எழுபது வயதை நெருங்கும்போது மனுஷன் ஓய்வெடுக்கவில்லை. மேட்ஹவுஸை விட்டு வெளியே வந்து 2011-ல் மாப்பா ஸ்டூடியோவைத் தொடங்கினார். 'ஜுஜுட்சு கைசென்' பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2016-ல் அதையும் இளையவர்களிடம் கொடுத்துவிட்டு எம்2 என்று இன்னொரு நிறுவனம். 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்த 'புளூட்டோ' அங்கே உருவானது.

இப்படிப்பட்ட ஒருவர் அமெரிக்காவின் ஓடகான் விழாவுக்குப் பலமுறை விருந்தினராகப் போயிருக்கிறார். ஓடகானை நடத்துவது பெரிய கம்பெனி இல்லை. லாப நோக்கமற்ற ஒரு ரசிகர் அமைப்பு. அதில் வேலை செய்பவர்கள் தன்னார்வலர்கள். டிக்கெட் விற்ற காசில் அரங்கம் பிடித்து, ஜப்பானில் இருந்து விருந்தினரை வரவழைத்து, மொழிபெயர்ப்பாளரைப் பக்கத்தில் உட்கார வைக்கிறார்கள்.

தயாரிப்பாளர் வந்தால் என்ன ஆகும்?

நம்ம ஊரில் தயாரிப்பாளர் என்றால் பணம் போடுகிறவர். அனிமேவில் அப்படி இல்லை. பெரும்பாலான தொடர்களுக்குப் பணம் போடுவது 'தயாரிப்புக் குழு' என்ற கூட்டணி. பதிப்பகம், டிவி சேனல், இசை நிறுவனம், பொம்மைக் கம்பெனி, விநியோகஸ்தர் எல்லோரும் ஆளுக்கு ஒரு பங்கு. வரைந்து தரும் ஸ்டூடியோவுக்குப் பல நேரம் கூலி மட்டும்தான் மிஞ்சும். படம் ஓடினாலும் லாபத்தில் பங்கு இருக்காது. இந்தக் கூட்டணிக்கும் கலைஞர்களுக்கும் நடுவில் நிற்பவர் தயாரிப்பாளர். எந்தக் கதை, எந்த இயக்குநர், எந்த நாட்டுக்கு உரிமை என்ற பேச்செல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகும்.

ஆக, ஆட்டோகிராஃப் போடுவதோடு அவர் வேலை முடிவதில்லை. அரங்கம் நிறைந்ததா, எந்தப் படத்தின் பெயரைச் சொன்னதும் கைதட்டல் எழுந்தது, எப்படிப்பட்ட கேள்விகள் வந்தன என்பதையெல்லாம் அவர் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார்.

ரசிகர் கூட்டம் பணமாகவும் மாறும். மருயாமா துணை நின்ற 'இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்' படத்துக்கு முதலீடு கிடைக்காமல் பல வருஷம் இழுத்தது. இரண்டாம் உலகப் போர்க்கால ஹிரோஷிமா பக்கத்து ஒரு சாதாரணப் பெண்ணின் கதை. யார் பார்ப்பார்கள் என்ற தயக்கம். 2015-ல் ரசிகர்களிடமே கை நீட்டினார்கள். மூவாயிரத்துக்கும் அதிகமானோர் சேர்ந்து சுமார் 3.9 கோடி யென் கொடுத்தார்கள். முழுப் படத்துக்கு அது போதாது. ஆனால் 'இதுக்கு ஆள் இருக்கு' என்று முதலீட்டாளர்களிடம் காட்ட அது போதுமானதாக இருந்தது. 2016-ல் படம் வெளியாகி ஜப்பானில் பெரிய அளவில் ஓடியது.

இந்தியாவுக்கு யாராவது வந்திருக்காங்களா?

வந்திருக்கிறார்கள். யூகோ சாகோ என்ற ஜப்பானியத் தயாரிப்பாளர் 1980-களில் ஆவணப்பட வேலையாக இந்தியா வந்தார். ராமாயணத்தில் மனம் போய், இந்திய அனிமேஷன் முன்னோடி ராம் மோகனுடன் சேர்ந்து அதை அனிமே படமாக எடுத்தார். 1993 ஜனவரியில் டெல்லி சர்வதேசத் திரைப்பட விழாவில் திரையிட்டார்கள். ஆனால் பாபர் மசூதி இடிப்புக்குப் பிந்தைய பதற்றச் சூழலில் தியேட்டர் வெளியீடு நடக்கவில்லை. தமிழ் டப்பிங்கோடு திரைக்கு வந்தது 2025 ஜனவரி 24 அன்று. சாகோ 2012-லேயே காலமாகிவிட்டார்.

அடுத்தது 2019. இயக்குநர் மகோட்டோ ஷின்காயின் 'வெதரிங் வித் யூ' படத்தை இந்தியாவில் வெளியிடச் சொல்லி ரசிகர்கள் இணையத்தில் கையெழுத்து திரட்டினார்கள். 50 ஆயிரத்தைத் தாண்டியது. அந்த அக்டோபரில் படம் இங்கே வெளியானது, ஷின்காயும் நேரில் வந்தார். அதற்கு முன்பும் இங்கே ரசிகர்கள் இருந்தார்கள்தான். ஆனால் அவர்களை யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

தமிழ் அந்தக் கணக்கில் இருக்கா?

இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. 2022-ல் சோனி யாய் சேனல் 'நருட்டோ'வைத் தமிழில் ஒளிபரப்பத் தொடங்கியது. அதே வருஷம் கிரஞ்சிரோல் தளம் இந்தியச் சந்தாவை மாதம் 79 ரூபாயாகக் குறைத்தது. 2024-ல் 'சோலோ லெவலிங்' தமிழ் டப்பிங்கில் வந்தது. 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' ஜப்பானியம், ஆங்கிலம், இந்தி, தமிழ், தெலுங்கு என்று ஐந்து மொழிகளில் திரைக்கு வந்து, இந்தியாவில் அதுவரை எந்த அனிமே படமும் பார்க்காத வசூலை அள்ளியது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கு. டெலிகிராமில் திருட்டுத்தனமாகச் சுற்றும் வீடியோவைப் பார்ப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவர்களை மட்டும் திட்டிப் பயனில்லை. தமிழில் சட்டப்படி பார்க்க வழியே இல்லாத காலத்தில் பழகிய பழக்கம் அது. என்றாலும் அடுத்த தொடருக்குத் தமிழ் டப்பிங் வேண்டுமா என்று முடிவெடுக்கும் இடத்தில், 'முந்தைய தமிழ் டப்பிங்கை எத்தனை பேர் பார்த்தார்கள்?' என்ற எண்தான் பேசும். எண் குறைந்தால் இந்தியோடு நிறுத்திக்கொள்வார்கள். அதில் முதலில் அடிபடுவது தமிழ் டப்பிங் கலைஞர்களின் வேலை.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் வியாபாரிகள் சும்மா வந்து இறங்கமாட்டார்கள். முதலில் அரசாங்க ஆட்கள் முத்துப் பாரில் மாதிரிச் சிப்பிகளை எடுப்பார்கள். அதைத் திறந்து, கிடைத்த முத்துக்கு விலை மதிப்பு போட்டு, தேறும் என்றால்தான் சலாபம் அறிவிப்பார்கள். அதன் பிறகே வெளியூர்க்காரர்கள் கரையில் கூடுவார்கள். மாதிரியில் தேறவில்லையா, அந்த வருஷம் குளிப்பு கிடையாது. அடியில் எவ்வளவு சிப்பி கிடந்தாலும் சரி. இங்கே கடைசிக் குளிப்பு நடந்தது 1961-ல்.

அப்போ தூத்துக்குடியில் ஒரு விழா சாத்தியமா?

காமிக் கான் இந்தியா 2011-ல் டெல்லியில் தொடங்கிய வணிக நிகழ்ச்சி. 2024-ல் நாட்வின் கேமிங் நிறுவனம் அதை 55 கோடி ரூபாய்க்கு வாங்கியது. அவர்கள் எந்த ஊருக்குப் போவார்கள் என்பதை வருமானம்தான் முடிவு செய்யும். இரண்டாம் நிலை நகரங்கள் அந்தப் பட்டியலில் மேலே வர நாளாகும்.

ஓடகான் வழி வேறு. 1994-ல் அது தொடங்கியது நியூயார்க்கிலோ வாஷிங்டனிலோ இல்லை. ஸ்டேட் காலேஜ் என்ற பல்கலைக்கழக ஊரில். தூத்துக்குடியைவிட ரொம்பச் சின்ன ஊர். முதல் வருஷம் வந்தது சில நூறு பேர். கல்லூரி அனிமே கிளப் ஆட்கள் ஆரம்பித்தது, இப்போது வாஷிங்டனில் 40 ஆயிரம் பேரைத் தாண்டிக் கூடுகிறது. மருயாமா போன்றவர்கள் வரத் தொடங்கியது ரசிகர்கள் தாங்களே ஒழுங்காக ஒரு விழாவை வருஷா வருஷம் நடத்திக் காட்டிய பிறகுதான்.

முதல் வருஷமே ஜப்பானில் இருந்து ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை. தமிழில் குரல் கொடுத்த டப்பிங் கலைஞர்களைக் கூப்பிடலாம். ஒரு கல்லூரி அரங்கமும், சட்டப்படி அனுமதி வாங்கிய ஒரு திரையிடலும், எத்தனை பேர் வந்தார்கள் என்ற சரியான பதிவும் இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். பின்னாளில் டோக்கியோவில் இருந்து ஒருவர் வர ஒப்புக்கொண்டால், வாகைக்குளம் விமான நிலையத்தில் 2025 ஜூலையில் திறந்த புது முனையம் இருக்கு. அங்கிருந்து ஊருக்குள் வர அரை மணி நேரம் பக்கம் ஆகும்.