கோலம் வரையும் மகளும் கணக்குப் படிக்கச் சொல்லும் அத்தாவும்

 

சேலத்துக்குக் கிழக்கே, விருத்தாசலம் செல்லும் இருப்புப் பாதையில் உள்ள அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இம்மாதம் நமக்கு வந்தது. அவருடைய மகள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி. கணிதத்தில் நல்ல மதிப்பெண் பெறுபவள். பெருநாள் இரவுகளில் அத்தெருப் பெண்களின் கைகளுக்கெல்லாம் மருதாணிக் கோலம் இடுபவளும் அவளே. அவள் 'மல்டிமீடியா' பயில விரும்புகிறாள். அத்தாவோ, கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் அல்லாத வேறெதற்கும் பணம் கட்டுவதற்கில்லை என்கிறார். நன்னிமாவின் கவலை வேறு. "உருவம் வரைகிற படிப்பாமே, அது நமக்கு ஆகுமா?" என்பது அவர் கேள்வி. மூவருக்கும் நடுவே நின்றுகொண்டு, யார் சொல்வது சரி என்று அத்தாயார் கேட்கிறார்.

வரைவது ஒரு படிப்பு, கணக்கு இன்னொரு படிப்பு என்று அத்தாவும் மகளும் ஒருங்கே எண்ணிக்கொண்டிருப்பதே சண்டைக்குக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர்கள் ஊரிலிருந்து சேலத்துக்குப் பேருந்தில் செல்லும் வழியில் அம்மாப்பேட்டை இருக்கிறது. அங்கே பட்டுத் தறியின் மேல் ஜக்கார்டுப் பெட்டி வைத்து நெய்பவர்களைப் பார்த்திருப்பார்கள். புடவையின் கரைக்கும் முந்தானைக்கும் வேண்டிய பூவை முதலில் கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். ஒவ்வொரு கட்டமும் ஓர் இழை. எந்த இழை மேலே எழ வேண்டும், எது கீழே தங்க வேண்டும் என்பதை அட்டையில் துளையாக அடிக்கிறார்கள். துளை உண்டு, துளை இல்லை என்ற இரண்டே சொற்களில் ஒரு மாங்காய்ப் பூ முழுவதும் எழுதப்பட்டுவிடுகிறது. பிரான்சு நாட்டு ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் அமைத்த தறி இது. இதன் அட்டையைக் கண்டுதான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் இயந்திரத்துக்கும் அட்டைகளைத் திட்டமிட்டார். இன்று கணினித் திரையில் படம் தோன்றுவதும் கட்டம் கட்டமாகத்தான். ஆக, வரைகிற கையும் கணக்கிடுகிற அறிவும் சேலத்து மக்களுக்குப் புதிய உறவல்ல. சேலத்தில் 1935-இல் மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தில் பயின்றதும் நெசவுத் தொழில்நுட்பமே. (சினிமாவைப் பற்றி நமக்குள்ள மனக்குறைகளை வேறொரு மாதம் பேசிக்கொள்ளலாம்.)

அத்தாவுக்கு நாம் சொல்ல விரும்பும் செய்தி இன்னும் பெரியது. வளைகுடாவில் இருக்கும் மகனின் புகைப்படம் நொடிப்பொழுதில் நம் கைபேசிக்கு வந்துவிடுகிறது அல்லவா? அது எப்படி அவ்வளவு விரைவில் வருகிறது என்று நாம் கேட்பதில்லை. அதன் பின்னால் நம்மவர் ஒருவர் இருக்கிறார். நாசிர் அஹ்மத் 1940-இல் பெங்களூரில் பிறந்தவர். அவ்வூர் விஸ்வேஸ்வரையா பொறியியற் கல்லூரியில் மின் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்று டாக்டர் பட்டம் பெற்றார். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது, படத்தைச் சுருக்கும் ஒரு கணித முறையை எண்ணினார். 1972-இல் அதற்கு உதவித்தொகை வேண்டி அமெரிக்கத் தேசிய அறிவியல் நிறுவனத்துக்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. இவ்வளவு எளிய எண்ணத்துக்கு ஆராய்ச்சி எதற்கு என்ற வகையில் மதிப்பீட்டாளர் ஒருவர் கருதினாராம். அவர் விட்டுவிடவில்லை. தம் மாணவர் நடராஜனையும் நண்பர் கே.ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு 1974 ஜனவரியில் அதனை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ராவ் நம் சென்னைக் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர்.

அம்முறை செய்வது இதுதான். படம் எட்டுக்கு எட்டு என்ற சிறு சதுரங்களாக வெட்டப்படுகிறது. ஒரு சதுரத்தில் 64 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் தனித்தனியே எழுதுவதற்குப் பதிலாக, அச்சதுரத்தில் மெல்ல மாறும் ஒளி எவ்வளவு, விரைந்து மாறும் நுணுக்கம் எவ்வளவு என்று பிரித்து எழுதுகிறார்கள். மிக நுண்ணிய மாற்றங்களை நம் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவற்றைக் குறைத்துவிட்டாலும் முகம் முகமாகவே தெரிகிறது. 1992-இல் உருவான ஜேபெக் எனும் பட முறை இதன் மேல்தான் நிற்கிறது. காணொளி அழைப்பில் பேரனைப் பார்க்கும் நன்னிமாவுக்கும் இதன் வழிவந்த கணிதமே உதவுகிறது. மகள் பயில விரும்பும் துறையின் அடித்தளம், அத்தா விரும்பும் கணக்கும் மின்னணுவியலுமே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆயினும் எல்லா 'மல்டிமீடியா' பலகையும் ஒன்றல்ல. ஆறு மாதச் சான்றிதழ் என்று விளம்பரம் செய்யும் பயிலகங்களில் பெரும்பாலும் ஒரு மென்பொருளின் பொத்தான்களைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். மென்பொருள் சில ஆண்டுகளில் மாறிவிடும். இப்போது எழுத்தில் கேட்டால் படமே வரைந்து தருகிற செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. பொத்தான் மட்டும் அறிந்தவனுக்கு இனி வேலை அரிது என்றே அஞ்சுகிறோம். அவ்வியந்திரம் எப்படி வரைகிறது என்ற கணிதம் அறிந்தவளுக்கும், எது நல்ல படம் என்று பகுத்தறியும் கண்ணுடையவளுக்கும் இடம் இருக்கும். அத்தா அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் அவர் அஞ்ச வேண்டியது பயிலகத்தைத்தான், துறையையன்று.

பல்கலைக்கழகத்துக்குள்ளேயே இதற்கு வழிகள் இருக்கின்றன. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தோன்றிய கிண்டிப் பொறியியற் கல்லூரி வளாகத்தில், அண்ணா பல்கலைக்கழகத்தின் ஊடக அறிவியல் துறை 'எலக்ட்ரானிக் மீடியா' என்ற ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்ஸி. படிப்பை நடத்திவந்திருக்கிறது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1-ஆம் நாள் 90.4 அலைவரிசையில் தொடங்கியது அங்கேதான். பட்டம் பி.இ. அன்று, எம்.எஸ்ஸி. என்பதை அத்தாவிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு தெரிந்தால் வீட்டில் இன்னொரு சண்டை.

பி.இ. என்ற எழுத்துகளே வேண்டுமெனில், அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் 'கம்ப்யூட்டர் சயின்ஸ் அண்ட் டிசைன்' என்ற பிரிவு உண்டு. கணினிப் பொறியியலோடு வடிவமைப்பும் சேர்ந்த படிப்பு. இணைவுக் கல்லூரிகள் சிலவற்றில் இருக்கிறது. கலந்தாய்வுப் பட்டியலில் சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளைத் தேடிப் பாருங்கள். வீட்டிலிருந்து சென்றுவரலாம் என்றால் பாதித் தடை நீங்கும். ஆனால் பெயரைக் கண்டு சேர்த்துவிடாதீர்கள். நேரில் சென்று ஆய்வுக்கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். வடிவமைப்பு கற்பிக்கும் ஆசிரியர் யார், அவர் அத்துறையில் பயின்றவரா என்று கேளுங்கள். மூத்த மாணவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் திரும்பிவிடுங்கள். 2007-இல் தொடங்கி, இப்போது வண்டலூர் அருகே மேலக்கோட்டையூரில் இயங்கும் மத்திய அரசின் ஐ.ஐ.ஐ.டி.டி.எம். காஞ்சிபுரத்தில் பொறியியல் மாணவர் அனைவரும் வடிவமைப்புப் பாடங்களையும் சேர்த்தே பயில்கிறார்கள். அதற்கு ஜே.இ.இ. தேர்வு வேண்டும்.

மும்பை ஐ.ஐ.டி.யில் 1969-இலேயே தொழில் வடிவமைப்பு மையம் தோன்றியது. குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் 1998 முதலும், மும்பையில் 2015 முதலும் பி.டெஸ். எனும் நான்காண்டுப் பட்டம் உண்டு. இதற்கான யூசீட் தேர்வில் கணினியில் எழுதும் பகுதியோடு கையால் வரையும் பகுதியும் இருக்கிறது. மருதாணி வரைந்த கைக்கு மதிப்பெண் தரும் தேர்வு வேறெங்கே கிடைக்கும்? அறிவியல், வணிகம், கலை என எப்பிரிவில் பயின்றோரும் இதனை எழுதலாம்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. சாதிச் சான்றிதழை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அரசுப் பள்ளியில் பயின்ற பிள்ளைகளுக்கு 2021 முதல் பொறியியலிலும் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு கிடைக்கிறது. இவற்றை அறியாமல் வட்டிக்குக் கடன் வாங்கிப் படிக்கவைத்த குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன.

நன்னிமாவின் கேள்விக்கு வருகிறோம். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவது பற்றியும் நிழற்படம் பற்றியும் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அதில் தீர்ப்புச் சொல்ல நாம் ஆலிம் அல்லர். உங்கள் பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் பாடத்திட்டத்தையே கொண்டுபோய்க் காட்டி விளக்கம் பெறுங்கள். 'சினிமாப் படிப்பு' என்று ஒற்றைச் சொல்லில் கேட்டால் ஒற்றைச் சொல்லில்தான் விடை வரும். ஒலிப்பதிவும், எழுத்துரு அமைப்பும், துணி வடிவமைப்பும், மருத்துவ மாணவர்க்கு எலும்பு மூட்டை விளக்கும் பாடப்படமும், பார்வையற்றோர் பயன்படுத்தத்தக்க கைபேசிச் செயலியும் இத்துறைக்குள்தான் அடங்குகின்றன. நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகள் எத்தனையோ வீடுகளில் பூச்சி அரித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் படமெடுத்து, எழுத்துரு அமைத்து, தேடிப் படிக்கும்படி செய்யப் பொறியியலும் கலையும் சேர்ந்து அறிந்த பிள்ளைகள் தேவை.

நன்னிமாவுக்கு இன்னொரு செய்தியும் சொல்லுங்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், இருட்டறையின் சிறு துளை வழியே வரும் ஒளியை ஆராய்ந்து 'கிதாபுல் மனாழிர்' எனும் ஒளியியல் நூலை எழுதினார். நிழற்படப் பெட்டியின் வரலாற்றைச் சொல்வோர் அவரைச் சொல்லாமல் கடப்பதில்லை. 1206-இல் அல்ஜஸரீ தம் நூலில் வரைந்து காட்டிய யானைக் கடிகாரமும், தானே இசைக்கும் பொம்மைகள் அமர்ந்த படகும் பொறியியலா, கலையா என்று அக்காலத்தவர் பிரித்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

சகோதரியே, யூசீட் விண்ணப்பம் வழக்கமாக அக்டோபர் மாதம் தொடங்குகிறது, தேர்வு ஜனவரியில். அதற்குள் அத்தாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை அமர்த்தி, அப்பிரிவின் நான்காண்டுப் பாடப் பட்டியலை மகளே அவருக்கு வாசித்துக் காட்டட்டும். அதில் கணிதத் தாள்கள் எத்தனை என்று அவரையே எண்ணச் சொல்லுங்கள். முடிவு எதுவாயினும், இன்ஷா அல்லாஹ், எங்களுக்கு ஒரு வரி எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.