கீச்சிடும் பெல்டிங், இறுகிப்போகும் பிரேக்



இரவெல்லாம் மழை பெய்த மறுநாள் காலை. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் பானெட்டுக்குள்ளிருந்து ‘கீச்ச்ச்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். நாமும் மறந்துவிடுவோம். பழைய வண்டி வைத்திருக்கும் வீடுகளில் இது கோழி கூவுவது மாதிரி. பக்கத்து வீட்டுக்காரர்கூட அதைக் கேட்டுத்தான் எழுந்திருப்பார்.

எனக்கு அப்படி விட்டுவிட முடியாது. வானொலி அறிவிப்பாளர் வேலை காதை நம்பிய வேலை. ஹெட்போனில் லேசாக ஓர் இரைச்சல் கேட்டாலும் எந்த வயர், எந்த மைக் என்று தேடிக் கண்டுபிடித்தால்தான் மனம் அடங்கும். அதனால் இந்த வாரம் அந்தக் கீச் சத்தத்தைப் பற்றியே பேசுவோம். குறிப்பாக, பழைய டீசல் பிக்அப் வைத்திருக்கும் குடும்பங்கள் இதை முழுவதும் படித்துவிடுங்கள். இந்தச் சத்தம் போய் முடியும் இடம் பிரேக்.

ஜெலுத்தோங் என்பது ஒரு மரத்தின் பெயர். வெட்டினால் பால் வடியும் பெரிய மரம். ஒரு காலத்தில் அந்தப் பால் சூயிங்கம் தயாரிக்கக் கப்பலேறிப் போனது. இன்று பினாங்கில் ஜெலுத்தோங் என்றதும் எனக்கு நினைவு வருவது பாசாரும், கடைவீடுகளும், சந்துக்குள் இருக்கும் பட்டறைகளும்தான். என் தாய்மாமா அங்கேதான் இருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, கோயில் அன்னதானம் என்று சமையல் ஆர்டர் எடுப்பவர். 1990களின் கடைசியில் வந்த ஒரு ஜப்பானிய டீசல் பிக்அப் அவருடையது. அண்டா, கேஸ் சிலிண்டர், வாழையிலைக் கட்டு, பின்னால் இரண்டு பையன்கள். பாலிக் பூலாவில் ஆர்டர் என்றால் ஜாலான் துன் சார்டோன் மலைப் பாதையில் ஏறி இறங்க வேண்டும்.

வண்டி கீச்சிடுகிறது என்று பட்டறைக்குப் போனோம்.

“ஓடுதுல்ல, அப்புறம் என்ன? சத்தம் போடுற பெல்டிங்க மட்டும் மாத்து. மத்ததெல்லாம் தைப்பூசம் கழிச்சுப் பாத்துக்கலாம்” என்றார் மாமா.

போர்மேன் அண்ணன் பதில் பேசவில்லை. டார்ச்சை எடுத்து அல்டர்நேட்டரின் பின்பக்கம் அடித்தார். அங்கிருந்து ஒரு தடித்த கறுப்பு ஹோஸ் கிளம்பிப் போனது.

“அண்ணே, இது எங்க போவுது பாருங்க. உங்க பிரேக்குக்குப் போவுது. இத சுத்துறது இந்தப் பெல்டிங்தான்.”

மாமா கொஞ்ச நேரம் அந்த ஹோஸையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெல்டிங்குக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பிரேக் பெடலை நாம் மிதிக்கும்போது நம் கால் பலம் மட்டும் வேலை செய்வதில்லை. பெடலுக்கும் பிரேக் பம்புக்கும் நடுவில், பெரிய வட்ட டப்பா போல ‘பூஸ்டர்’ இருக்கிறது. அதற்குள் ஒரு ரப்பர்த் திரை. திரையின் ஒரு பக்கம் காற்று உறிஞ்சப்பட்டு வெற்றிடமாக இருக்கும். மிதிக்கும்போது மறுபக்கம் வெளிக்காற்று நுழைந்து திரையைத் தள்ளும். அந்தத் தள்ளுதல் நம் காலுக்குத் துணை நிற்கிறது. அதனால்தான் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ள வண்டியை ஒரு பாதத்தால் நிறுத்த முடிகிறது.

பெட்ரோல் காரில் இந்த வெற்றிடத்தைப் பெரும்பாலும் என்ஜினே தருகிறது. காற்று நுழையும் வழியில் உள்ள தடுப்பு பாதி மூடியிருப்பதால் அங்கே உறிஞ்சும் விசை தானாக உண்டாகும். பழைய டீசல் என்ஜினில் அந்த மாதிரித் தடுப்பு வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே தனியாக ஒரு ‘வேக்குவம் பம்ப்’ தேவை. டொயோட்டாவின் 2எல், இசுசுவின் 4ஜேஏ1 போன்ற பழைய டீசல் என்ஜின்களில் அந்தப் பம்ப்பை அல்டர்நேட்டரின் பின்பக்கமே பொருத்தியிருப்பார்கள். அல்டர்நேட்டர் சுற்றினால் பம்ப் சுற்றும். அல்டர்நேட்டரைச் சுற்றுவது முன்னால் இருக்கும் பெல்டிங். அதே பெல்டிங்தான் பெரும்பாலும் ரேடியேட்டர் தண்ணீரை ஓட்டும் வாட்டர் பம்ப்பையும் காற்றாடியையும் சுற்றுகிறது.

அது ஒன்று அறுந்தால் மூன்று காரியம் நிற்கிறது: பேட்டரிக்குச் சார்ஜ், என்ஜினுக்குக் குளிர்ச்சி, பிரேக்குக்குத் துணை.

இதில் ஓர் ஆபத்தான வேடிக்கையும் உண்டு. பெட்ரோல் வண்டிக்குத் தீப்பொறி வேண்டும். மின்சாரம் தீர்ந்தால் நின்றுவிடும். பழைய டீசலுக்குத் தீப்பொறி வேண்டாம். பெல்டிங் அறுந்த பிறகும் ‘டக டக’ என்று ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர், “வண்டி நல்லாத்தானே போவுது” என்று நினைப்பார். பூஸ்டரில் மிச்சமிருக்கும் வெற்றிடம் ஓரிரு மிதிக்குத் தாங்கும். அதன் பிறகு பெடல் கல் மாதிரி இறுகும். துன் சார்டோன் சாலையில் இறங்கும்போது, பின்னால் சாம்பார் அண்டாவோடு, அந்த மூன்றாவது மிதி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். இந்த வகை வண்டியில், ஓடிக்கொண்டிருக்கும்போது டேஷ்போர்டில் சிவப்பு பேட்டரி விளக்கு எரிந்தால் அது பிரேக் விளக்கும்கூட. “வீட்டுக்குப் போய் பேட்டரி மாத்திக்கலாம்” என்று தொடர்ந்து ஓட்டாதீர்கள். பிரேக்கைத் திரும்பத் திரும்ப மிதித்து மிச்சமிருக்கும் வெற்றிடத்தை வீணாக்காமல், ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுங்கள். என்ஜினை ஓடவிட்டபடியே ஓரமாக நிறுத்திவிட்டு, பிறகு அணையுங்கள். பெடல் இறுகினாலும் பிரேக் செத்துவிடவில்லை. முழுப் பலத்தோடு மிதித்தால் வேலை செய்யும்.

ஒன்றா, மூன்றா?

இனி மாமாவின் கேள்விக்கு வருவோம். ஒன்றை மட்டும் மாற்றினால் போதாதா?

பழைய பிக்அப்பில் பொதுவாக இரண்டு மூன்று பெல்டிங் இருக்கும். ஒன்று நாம் பார்த்தது. மற்றவை பவர் ஸ்டீயரிங்குக்கும் ஏர்கோன் கம்பிரசருக்கும். இவை ஒன்றின் முன்னால் ஒன்றாக ஓடுகின்றன. பல வண்டிகளில் உள்ளே இருப்பதை எடுக்க வெளியே இருப்பதைக் கழற்றியே ஆகவேண்டும். கூலி ஒரு தடவைதான். அதுவும் எல்லாம் ஒரே வயது. இன்று ஒன்று போனால் மற்றவை அதிக நாள் தாங்காது. சாதாரண பெல்டிங் ஒன்றின் விலை, நாலு பேர் நாசி கண்டார் சாப்பிடும் செலவைத் தாண்டுவது அரிது. சில வண்டிகளில் ஒரே வேலைக்கு இரட்டை பெல்டிங் ஓடும். அதை எப்போதும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் சேர்ந்தால் புதியதன் மேலேயே பாரம் விழும்.

ஸ்பேர் பார்ட் கடையில் பெல்டிங்கின் முதுகில் உள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தால் ஏமாற மாட்டீர்கள். ‘4பிகே 890’ என்றால் நான்கு வரிகள் உள்ள பட்டை, நீளம் 890 மில்லிமீட்டர். முதல் எண் வரி, கடைசி எண் நீளம். பழைய ‘வி’ வடிவ பெல்டிங்கில் வரி இருக்காது. குறுக்குவெட்டு ஆப்பு மாதிரி இருக்கும். கார்களில் தோலும் கயிறும் சுற்றிக்கொண்டிருந்த காலத்தில், 1917இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் ஜான் கேட்ஸ் என்பவர் ரப்பரும் நூலும் சேர்த்து உருவாக்கிய வடிவம் அது. ஆப்பு பள்ளத்தின் இரு சுவரையும் இறுக்கிப் பிடிப்பதால்தான் அது வழுக்குவதில்லை. ஆகவே பக்கவாட்டுச் சுவர்கள்தான் உயிர். தேய்ந்துபோய் அடிப்பாகம் பள்ளத்தின் தரையைத் தொட்டால் பிடிப்பே போய்விடும். புல்லியின் அடிப்பள்ளம் கண்ணாடி மாதிரி மின்னினால் அதுதான் அடையாளம்.

“விரிசல் இல்லையே, நல்லாத்தானே இருக்கு” என்பது இன்னொரு வழக்கமான பேச்சு. அந்தக் காலத்து நியோபிரீன் ரப்பருக்கு அது பொருந்தும். வயதானால் விரிசல் விடும். இன்றைய வரி பெல்டிங்குகள் பெரும்பாலும் ஈபிடிஎம் என்ற ரப்பரால் ஆனவை. இவை விரிசல் விடாமலேயே, கார் டயர் மாதிரி, தேய்ந்துபோகும். பார்க்கப் புதிது மாதிரியே இருக்கும். வரிகளின் நடுப்பள்ளம் அகன்றிருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பட்டறையில் நின்று கவனிக்க வேண்டியவை

வேலையைத் தெரிந்தவரிடமே விடுங்கள். ஆனால் பக்கத்தில் நின்று பாருங்கள். மாமா வண்டியில் போர்மேன் அண்ணன் செய்த வரிசை இது.

என்ஜின் ஆறியிருந்தது. சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றினார். பெல்டிங் போகும் வழியைக் கைப்பேசியில் படம் பிடித்தார். அல்டர்நேட்டரின் போல்ட்டுகளைத் தளர்த்தி, அதை என்ஜின் பக்கம் தள்ளினார். பழைய பெல்டிங்கைக் காற்றாடியின் ஒவ்வொரு இறக்கையாகத் தாண்டி வெளியே எடுத்தார். ஸ்குரூடிரைவரால் நெம்பவே இல்லை. நெம்பினால் உள்ளே இருக்கும் நூல் அறுந்து, புது பெல்டிங்கும் சீக்கிரம் போய்விடும்.

அடுத்து அவர் செய்ததுதான் பலர் தவிர்ப்பது. பெல்டிங் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றிப் பார்த்தார். ஏர்கோன் பக்கத்துப் புல்லியிலிருந்து மண் அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். “கேட்டீங்களா?” என்றார் என்னைப் பார்த்து. எனக்கு முன்பே கேட்டுவிட்டது. பேரிங் போயிருந்தது. அதை மாற்றாமல் விட்டிருந்தால் புது பெல்டிங்கை அதுவே தின்றிருக்கும். வாட்டர் பம்ப்பில் கசிவுக் கறை இருக்கிறதா, எங்கிருந்தாவது எண்ணெய் சொட்டுகிறதா என்றும் பார்த்தார். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊறிப்போகும். கசிவை நிறுத்திய பிறகுதான் புதியது போட வேண்டும்.

பிறகு இறுக்கம். நீளமான பகுதியின் நடுவில் கட்டைவிரலால் பலமாக அழுத்தினால் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் உள்ளே போக வேண்டும். சரியான அளவு வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். தளர்வாக இருந்தால் வழுக்கிக் கீச்சிடும். “நல்லா டைட்டா வை” என்று சொல்வதும் தப்பு. அதிகம் இறுகினால் அல்டர்நேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகள் சீக்கிரம் கெடும். புது பெல்டிங் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கம் பார்க்க ஒரு தடவை போய் வாருங்கள்.

சோப்பு தேய்ப்பது, மெழுகுவர்த்தி தேய்ப்பது, ஸ்பிரே அடிப்பது எல்லாம் சத்தத்தை மறைக்கும் வேலை. நோய் உள்ளேயே இருக்கும். இன்னொன்று: டைமிங் பெல்ட் வேறு. அது என்ஜின் உறைக்குள் மறைந்திருப்பது. அதற்குத் தனிக் கணக்கு உண்டு. “பெல்டிங் மாத்தியாச்சு” என்று யாராவது சொன்னால் எந்தப் பெல்டிங் என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கும்போது இந்தக் கேள்வி பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

கடைசியில் மாமா மூன்றையும் மாற்றினார், பேரிங்கோடு சேர்த்து. கழற்றியதில் நல்ல நிலையில் இருந்த ஒன்றை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அது நல்ல பழக்கம்தான். நடுச்சாலையில் ஒரு நாள் பட்டறை வரை கொண்டுபோய்ச் சேர்க்கும்.

இந்த வார இறுதியில் உங்கள் வீட்டு வண்டியில் ஒரு சோதனை செய்து பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணையுங்கள். பிரேக் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் அது இறுகிவிடும். இறுகிய பெடலைக் காலால் அழுத்திப் பிடித்தபடியே ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் காலடியில் மெல்லக் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் பூஸ்டருக்கு வெற்றிடம் போகிறது என்று அர்த்தம். இறங்காவிட்டால் அந்த வண்டியில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். போர்மேனை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். அப்பாவோ தாத்தாவோ ஓட்டும் வண்டியென்றால், அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே செய்து பாருங்கள். ஒரு நிமிட வேலைதான்.

அடுத்த வாரம் சந்திப்போம்.