ஐந்து சென்டுக் காப்பி

உணவு விற்றல் ஒரு வாணிகமே. ஆயினும் சில உணவுச்சாலைகள் மறைந்தபின், நெருங்கிய உறவினரை இழந்தாற்போல் ஊரார் வருந்துவதுண்டு. அமெரிக்க நாட்டின் பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய நகரங்களில் விளங்கிய ‘ஆட்டோமாட்’ சாலைகள் அத்தகையன. அவற்றை எண்ணி உருகுவோர் நாவின் சுவையையே நினைக்கின்றனர் என்பர் சிலர். யாம் அங்ஙனம் கருதவில்லை.

ஜோசப் ஹார்ன், பிராங்க் ஹார்டார்ட் என்னும் இருவர் ஜெர்மனியிலிருந்து பொறிகளை வருவித்து, 1902-ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் முதற்சாலையைத் திறந்தனர். 1912-இல் நியூயார்க்கிலும் திறந்தனர். சுவர் நெடுகிலும் கண்ணாடிக் கதவிட்ட சிற்றறைகள்; அவற்றுள் உணவுத் தட்டுகள். ஐந்து சென்டு நாணயங்களைத் துளையிலிட்டுக் குமிழைத் திருகினால் கதவு திறக்கும். மாக்கரோனியோ பழப் பணியாரமோ கைக்கு வரும். டால்பினின் தலைபோல் அமைந்த குழாயினின்று காப்பி ஒழுகும். வடித்து இருபது நிமிடம் கடந்த காப்பியைக் கொட்டிவிடுவது அங்கு விதி. எனினும் 1950 வரை குவளைக்கு ஐந்து சென்டே விலை.

இவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அங்கே மேசைக்கு வந்து பரிமாறுவார் இல்லை. ஆதலின் உடையை நோக்கி உபசரிப்பாரும், இனாம் எதிர்பார்ப்பாரும் இல்லை. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்தோர் ஒரு குவளைக் காப்பியுடன் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். அதற்கும் வழியற்றோர், மேசைமேலிருந்த தக்காளிக் குழம்பை வெந்நீரிற் கலந்து சூப்பெனப் பருகினர். எளியவர்க்குத் தம் மானம் குன்றாமல் அமர ஓர் இடம் கிடைத்தது. மறக்கவொண்ணாதது இதுவே.

பொறி புகுந்தால் மனிதப்பண்பு ஒழியும் என்பார்க்கு இச்சாலைகள் தக்க விடை. ஆயினும் பொறியே இந்நலத்தைச் செய்ததென்று கொள்வதும் பிழையாம். சுவருக்குப் பின்னே நின்று வெற்றறைகளை ஓயாது நிரப்பிய பணியாளரை உண்டோர் கண்டதில்லை. அது அம்முறையின் குறை. நலம் செய்தது, குறைந்த விலைக்கு நிறைந்த தரம் தருவோம் என்னும் உறுதியே.

அவ்வுறுதியும் நெடுங்காலம் நிற்கவில்லை. செலவு மிகுந்தது. பொறியோ ஐந்து சென்டு நாணயத்தையே அறியும். ஆதலின் 1950-இல் காப்பி விலை ஒருங்கே பத்து சென்டாயிற்று. மக்கள் புறநகர்களிற் குடியேறினர். விரைவுணவுக் கடைகள் பெருகின. 1970-களில் நிறுவனத்தாரே தம் சாலைகள் பலவற்றை ‘பர்கர் கிங்’ கடைகளாக மாற்றினர். 1991-இல் நியூயார்க்கிலிருந்த இறுதிச் சாலையும் மூடப்பட்டது.

பிலடெல்பியா முதற்சாலையின் ஒரு பகுதி ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கண்ணாடிக் கதவுகளை அங்ஙனம் காத்துவிடலாம். அவற்றின்முன் யாவரும் ஒப்ப நின்ற நிலையைக் காப்பது எங்ஙனம்? வாணிகத்துறை புகவிருக்கும் நம் மாணவர், கணக்கேட்டைத் திறக்குமுன், ‘எளியவன் கூசாது நுழையும் வாயில் நம் கடைக்கு உண்டா?’ எனத் தம்மைத் தாமே வினவிக்கொள்வாராக. அவ்வாயில் உள்ளவரை நினைக்கப்படும் கடை, அது அடைபட்ட பின்னரும் நினைக்கப்படும்.